கரண்ட் போனாலும் தரை நனையாத சம்ப்: தடுப்புக் கண்ணாடிகளை வீட்டிலேயே ஒட்டுவது எப்படி

நான்கடி மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் சம்ப் பக்கம் வந்துசேர்வார்கள். சம்ப் என்றால் மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு தொட்டி; மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் சுத்தமாகி, பம்ப் வழியாக மறுபடி மேலே போகும். தொட்டிக்குள் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கும் ஃபில்டர், ஹீட்டர், டியூப் எல்லாம் கீழே ஸ்டாண்டுக்குள் போய்விடும். மொத்தத் தண்ணீரின் அளவும் கூடும், மீனைத் தொந்தரவு செய்யாமல் பஞ்சு மாற்றலாம். பெங்களூர் அக்வேரியம் கடைகளில் ரெடிமேட் சம்ப் கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் நம் ஸ்டாண்டின் உள்ளளவுக்குச் சரியாகப் பொருந்துவது அபூர்வம். சும்மா கிடக்கும் ஒரு பழைய தொட்டி, கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய ஐந்து துண்டு, ஒரு சிலிக்கான் டியூப், இவ்வளவு இருந்தால் நாமே செய்துவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்ப் ஓடும்போது என்ன நடக்கும் என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். அது நிற்கும்போது என்ன நடக்கும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் ஒரு மழை அடித்தாலே மரக்கிளை முறிந்து கம்பி மேல் விழுகிற ஊர் இது. கரண்ட் போய் பம்ப் நின்ற பிறகும் மேல் தொட்டித் தண்ணீர், அது வழிந்து கீழே வரும் வாயான ஓவர்ஃப்ளோவின் விளிம்பு வரைக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீருக்கு சம்ப்பில் இடம் இல்லையென்றால் விடிகாலையில் ஹாலில் குளம்தான். சம்ப்பை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புகளின் உயரம் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

முதலில் கணக்கு

மேலே 48 × 18 × 18 அங்குலத் தொட்டி, கீழே 36 × 12 × 15 அங்குல சம்ப் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் மேலே சுமார் 255 லிட்டர், கீழே 106 லிட்டர். உங்கள் தொட்டி வேறு அளவாக இருந்தால் மூன்று பக்கத்தையும் அங்குலத்தில் பெருக்கி, வரும் எண்ணை 16.4-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், லிட்டர் வந்துவிடும்.

இப்போது பரப்பைப் பாருங்கள். மேல் தொட்டி 48 × 18 = 864 சதுர அங்குலம். சம்ப் 36 × 12 = 432. சரிபாதி. அதாவது மேலே ஓர் அங்குலம் இறங்கினால் கீழே இரண்டு அங்குலம் ஏறும். பம்ப் நின்றபின் மேலே ஒன்றரை அங்குலம் இறங்கும் என்று கொண்டால், அது 21 லிட்டர். கீழே மூன்று அங்குலம் ஏறும். கண்ணாடியின் கனத்தையும் குழாயில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து மூன்றரை என்று வையுங்கள். சம்ப்பின் உயரம் 15, அதில் மேல் ஓர் அங்குலத்தைத் தொடவே கூடாது. மீதி 14. மூன்றரை கழித்தால் பத்தரை. ஆக, தரையோடு ஒட்டி நிற்கும் தடுப்புகளில் மிக உயரமானதே 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கடைக்குப் போகும் முன் இந்த ஒரு எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் போகும் வழி

இடமிருந்து வலமாகச் சொல்கிறேன், ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள்.

முதல் அறை 8 அங்குல நீளம். மேலிருந்து வரும் குழாய் இங்கே விழும், அழுக்கைப் பிடிக்கும் பஞ்சும் இங்கேதான். இதன் முடிவில் முதல் தடுப்பு: தரையோடு ஒட்டி, 10 அங்குல உயரம். தண்ணீர் இதன் மேல் வழிந்து, ஒன்றரை அங்குல இடைவெளிக்குள் இறங்கும். அடுத்து இரண்டாவது தடுப்பு: இதுவும் 10 அங்குலத் துண்டுதான், ஆனால் தரையிலிருந்து 2 அங்குலம் தூக்கி ஒட்ட வேண்டும். தண்ணீர் இதன் அடியில் புகுந்து இரண்டாவது அறைக்குள் கீழிருந்து மேலாக ஏறும். 11 அங்குல நீளமுள்ள இந்த அறையில்தான் மீடியா, அதாவது தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியா குடியேறும் செராமிக் ரிங்கோ பயோ பாலோ இருக்கும். கீழிருந்து ஏறுவதால் தண்ணீர் அந்த மீடியா முழுவதையும் தொட்டுக்கொண்டுதான் போயாக வேண்டும்.

அதன் பிறகு வருவது குமிழிப் பொறி. மூன்றாவது தடுப்பு தரையோடு 9 அங்குலம். ஒன்றரை அங்குலம் விட்டு, 2 அங்குலம் தூக்கிய நான்காவது தடுப்பு, 10 அங்குலத் துண்டு. மறுபடி ஒன்றரை விட்டு, தரையோடு எட்டரை அங்குலத்தில் ஐந்தாவது. மேலே, கீழே, மேலே என்று தண்ணீரைப் போகவைத்தால் காற்றுக் குமிழிகள் மேலெழுந்து வெளியேறிவிடும், பம்ப்புக்குப் போகாது. இதைத் தாண்டினால், தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பின் அறை. கண்ணாடிக் கனமெல்லாம் போக இதற்கு ஏறக்குறைய 11 அங்குலம் மிஞ்சும்.

ஒன்றரை அங்குலம் எதற்கு? இந்தத் தொட்டிக்கு மணிக்கு 1200 லிட்டர் ஓட்டம் தாராளம். ஒன்றரை அங்குல இடைவெளியில் அந்தத் தண்ணீர் விநாடிக்கு 3 செ.மீ. வேகத்தில் இறங்கும், அந்த வேகத்தில் குமிழி மேலே தப்பிவிடும். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அரை அங்குலமாகக் குறைத்தால் வேகம் 9 செ.மீ. ஆகிவிடும். பொடிக் குமிழிகளையெல்லாம் இழுத்துக்கொண்டே போகும், மேலே தொட்டி சோடா மாதிரி இருக்கும்.

தூக்கி ஒட்டும் துண்டுகளின் தலை 12 அங்குலத்தில் நிற்கிறது, கவனித்தீர்களா? அதை விளிம்பு வரை உயர்த்தவே கூடாது. அடியில் இலையோ பஞ்சோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் அதன் தலைக்கு மேலாக அடுத்த அறைக்குப் போக ஒரு வழி வேண்டும். வழி இல்லையென்றால் அது சம்ப்பின் விளிம்பைத் தேடும்.

வெட்டி வாங்குவது

இரு பக்கமும் தண்ணீர் நிற்பதால் தடுப்புக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும். சம்ப்பின் உள் அகலத்தை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்திலும் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் 3 அல்லது 4 மி.மீ. குறைத்துக் கொடுங்கள். அல்சூரில் நான் வழக்கமாகப் போகும் கடையில் வெட்டுகிறவர், "சார், கரெக்ட் சைஸா, சிலிக்கானுக்கு விட்டா?" என்று அவரே கேட்டுவிடுவார். உங்கள் கடைக்காரர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள். மிகச் சரியாக வெட்டிய துண்டு உள்ளே இறங்காது. இறக்கினாலும் சிலிக்கானுக்கு இடம் இருக்காது. ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பிற்பாடு பஞ்சு மாற்றக் கையை விடப்போவது நீங்கள்தான்.

சிலிக்கானில் கவனம் தேவை. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு வகை வேண்டவே வேண்டாம், அதில் சேர்த்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. மீன்தொட்டிக்கு உகந்தது என்று டியூபிலேயே போட்டிருப்பதை வாங்குங்கள். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை அது. சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் வளர்ப்பு மீன் கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், மீடியாவும் பஞ்சும் அங்கேயே முடிந்துவிடும்.

ஒட்டுவது

பழைய தொட்டியை முதலில் வெறுமனே நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒருநாள் விடுங்கள். தாள் நனையவில்லை என்றால் சரி, மேலே போகலாம். தடுப்பு வரும் இடத்தில் பழைய சிலிக்கான் பிசிறு இருந்தால் பிளேடால் முழுக்கச் சுரண்டுங்கள், புதியது பழையதன் மேல் பிடிக்காது. அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அதன் பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்யுங்கள். வெளிக் கண்ணாடியில் மார்க்கரால் ஐந்து கோடு. கோட்டின் இரு பக்கமும் உள்ளே மாஸ்கிங் டேப்.

எந்தத் தடுப்பை முதலில் ஒட்டுவது என்பது முக்கியம். ஒன்றரை அங்குல இடுக்குக்குள் பத்து அங்குல ஆழத்தில் விரலை விட்டு சிலிக்கானை வழிக்க முடியாது. அதனால் குமிழிப் பொறியின் நடுத்துண்டை, அதாவது நான்காவதை, முதலில் ஒட்டி ஒருநாள் காயவிடுங்கள். பிறகு மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒட்டினால், அவற்றின் அகலமான பக்கத்திலிருந்து கை தாராளமாகப் போகும். ஒன்றும் இரண்டும் அப்படியே, ஆளுக்கொரு அறைப் பக்கமிருந்து.

தூக்கி ஒட்டும் துண்டுக்கு அடியில் 2 அங்குலத்தில் வெட்டிய இரண்டு தெர்மகோல் கட்டைகளை வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், காய்ந்ததும் உருவிவிடலாம். கோட்டின் மேல் சிலிக்கானை ஒரே ஓட்டமாக இழுங்கள், நடுவில் நிறுத்தினால் அங்கே காற்று சிக்கும். கண்ணாடியை இறக்கி அழுத்தினால் இரு பக்கமும் பிதுங்கும். மூலையில் இன்னொரு சன்னமான கோடு இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் மேலிருந்து கீழே ஒரே தடவை வழித்துவிடுங்கள். பளபளவென்று உட்குழிந்த ஓரம் வந்துவிடும். உடனே டேப்பை உரித்துவிட வேண்டும். ஐந்து, பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும், அதற்குப் பிறகு உரித்தால் ஓரமெல்லாம் கிழிந்து வரும். கோணம் சாயாமல் இருக்க விளிம்பிலிருந்து டேப் கட்டி நிறுத்துங்கள்.

ஒரு வாரம் காயட்டும். இரண்டு நாளில் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை பொறுங்கள். தடுப்பில் எங்காவது மெல்லிய கசிவு இருந்தால் பதற வேண்டாம், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத்தானே போகிறது.

ஓட்டிப் பார்ப்பது

மேல் தொட்டியில் ஓவர்ஃப்ளோ ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ரிட்டர்ன் குழாயின் வாய் மேல் தொட்டித் தண்ணீரில் ஆழமாக முங்கி இருந்தால், பம்ப் நின்றதும் அதுவே சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும் வரை தண்ணீரைக் கீழே இழுத்துவிடும். வாயை ஓர் அங்குலத்துக்கு மேல் முக்காதீர்கள். கூடவே தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிக் கீழே, குழாயில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள்; மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைக்காமல் அதை அவ்வப்போது குத்திவிட வேண்டும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வை நம்பி இந்தத் துளையை விட்டுவிடாதீர்கள், ஒரு நத்தைக் குஞ்சு மாட்டினாலே அந்த வால்வு மூடாது.

பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் ஓட்டம் உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. நாலைந்து அடி ஏற்றும்போது பல பம்ப்புகளில் பாதியாகிவிடும். ஆகவே 1200 வேண்டுமென்றால் 2000-க்கு மேல் போட்டதை வாங்குங்கள்.

பம்ப்பைப் போட்டு, ரிட்டர்ன் அறையில் மட்டம் ஏழரை அங்குலத்தில் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். இப்போது பிளக்கைப் பிடுங்குங்கள். சம்ப்பில் தண்ணீர் ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். 14 அங்குலத்துக்குக் கீழே நின்றால் கணக்கு சரி. மறுபடி போட்டு, ஓடும்போதுள்ள மட்டத்தில் வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

நேர்மாறான சோதனையும் உண்டு. ஓவர்ஃப்ளோ அடைத்துக்கொண்டால் பம்ப் தன் அறைத் தண்ணீர் முழுவதையும் மேலே தள்ளும். இங்கே அது 15 லிட்டர் சொச்சம், மேல் தொட்டியில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். மேலே விளிம்புக்குக் கீழ் குறைந்தது ஒன்றரை அங்குலம் காலி இருந்தால் பயமில்லை.

ஆவியாவதால் மட்டம் குறைவது ரிட்டர்ன் அறையில் மட்டும்தான் தெரியும், மற்ற அறைகளைத் தடுப்புகள் பிடித்து வைத்திருக்கும். இந்த அறையில் ஓர் அங்குலம் என்பது வெறும் 2 லிட்டர், மார்ச் வெயிலில் ஒரே நாளில்கூடப் போய்விடலாம். போர்வெல் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. டிசம்பர் குளிருக்கு ஹீட்டர் போடுபவர்கள் அதை மட்டம் மாறாத இரண்டாவது அறையில் வையுங்கள், ரிட்டர்ன் அறையில் வைத்தால் தண்ணீர் குறையும்போது வெளியே தெரிந்து வெடிக்கும்.

மீடியாவைப் பாத்திரக் கடையில் கிடைக்கும் ஓட்டைக் கூடையில் போட்டு, அடியில் 2 அங்குலம் இடம் விட்டு உட்காரவையுங்கள். பஞ்சை வாரம் ஒருமுறை மாற்றலாம். செராமிக் ரிங்கை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசினால் போதும். அந்தப் பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரின் ஸ்பான்ஜை அது வரைக்கும் முதல் அறையில் போட்டுவைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.