அன்னாளின் ஜெபத்தில் நாம் தவறாகப் பிடித்துக்கொண்டவை

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கத்துத் தமிழ்ச் சபைகளிலும் உபவாச ஜெபத்தில் அடிக்கடி கேட்கிற பெயர் அன்னாள், பிள்ளை இல்லாமல் அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற வேதாகமப் பெண். கல்யாணமாகி நாலைந்து வருஷம் பிள்ளை இல்லாத பெண் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், 1 சாமுவேல் முதல் அதிகாரம் தானாகத் திறந்துவிடும். "அன்னாளைப் போல ஜெபி, அடுத்த வருஷம் இதே நேரம் உன் மடியில் பிள்ளை இருக்கும்" என்று சொல்லி அனுப்புவார்கள்.

அந்த வாக்குறுதி அன்னாளுக்குக் கொடுக்கப்பட்டதே இல்லை. அடுத்த வருஷம் இதே காலத்தில் என்பது ஆதியாகமத்தில் சாராளைக் குறித்துச் சொன்னது, 2 இராஜாக்களில் எலிசா சூனேம் ஊர்ப் பெண்ணுக்குச் சொன்னது. அன்னாளிடம் சீலோ ஆலயத்து ஆசாரியன் ஏலி சொன்னது, நீ கேட்டபடி தேவன் உனக்குக் கட்டளையிடுவாராக என்பது மட்டும்தான். அவள் என்ன கேட்டாள் என்பதுகூட அந்த ஆசாரியனுக்குத் தெரியாது. தேதி சொல்லவில்லை, அடையாளம் கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் போய்ச் சாப்பிட்டாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்கிறது 18-ம் வசனம். கர்ப்பம் தரித்தது அதற்கும் பிறகு, ஊருக்குத் திரும்பிப் போய்ச் சில நாள் கழிந்து. முகம் மாறியது முதலில், பிள்ளை வந்தது அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பிள்ளை கிடைப்பதற்கான வழிமுறையாக இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பதுதான் நாம் செய்கிற முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

இத்தனை நாள் உபவாசம், இத்தனை வாரம் ஜெபம் என்று கணக்கு வைப்பது அதில் ஒன்று. அன்னாள் சாப்பிடாமல் இருந்ததாக வேதம் சொல்வது உண்மை. ஆனால் அது சக்களத்தி பெனின்னாளின் குத்தல் தாங்காமல் அழுது சோறு இறங்காமல் போனது. நேர்ந்துகொண்ட உபவாசம் இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஜெபிக்கிறோம் என்று சொல்லிச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, மாதக்கணக்கில் அலைந்து தொடங்கிய மருந்தை, மருந்து சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று யாரோ சொன்னதற்காக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மருந்தையும் நிறுத்த வேண்டாம், சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். இன்னொன்று, அன்னாளின் புருஷன் எல்க்கானாவுக்குப் பெனின்னாள் மூலம் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதால் குறை அவனிடம் இல்லை என்று அந்த வீட்டுக்குத் தெரியும். நம் வீடுகளில் அது தெரியாது. ஆணுக்கும் பரிசோதனை வேண்டும். குழந்தையின்மை உலகத்தில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. இவ்வளவு பேருக்கு வருவதை ஒரு பெண்ணின் பாவம், ஒரு குடும்பத்தின் சாபம் என்று பேசுவது கொடுமை.

பொருத்தனைக்கு வருவோம். "பிள்ளை தந்தால் காணிக்கை இவ்வளவு போடுகிறேன்" என்று சொல்வதைத்தான் நாம் பொருத்தனை என்கிறோம். கட்டணம் கட்டி ரசீது வாங்குகிற மாதிரி. அன்னாள் செய்தது இது இல்லை. எதைக் கேட்டாளோ அதையே திருப்பித் தருவதாகச் சொன்னாள். கைம்மாறாக வேறொன்றை நீட்டவில்லை. கிடைத்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தே கேட்ட ஜெபம் அது. அதைப் பேரம் என்று எப்படிச் சொல்வது?

அவசரப்பட்டுப் பொருத்தனை பண்ணுகிறவர்கள் உபாகமம் 23-ஐ ஒருதரம் வாசித்துப் பார்க்கலாம். பொருத்தனை பண்ணினால் தாமதிக்காமல் செலுத்து. பண்ணாமல் இருந்தால் உன்மேல் பாவம் இல்லை. ஆக, பொருத்தனை கட்டாயமே இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பொருத்தனைக் காணிக்கை போடுவதும் அன்னாள் வழி இல்லை. எண்ணாகமம் 30-ன்படி மனைவியின் பொருத்தனையைக் கேட்ட நாளில் புருஷன் தடுக்கலாம். எல்க்கானா தடுக்கவில்லை, உன் இஷ்டப்படி செய், பால் மறக்கும்வரை இரு என்றான். மகனைக் கொடுக்கும் காரியம் அந்த வீட்டில் இருவருக்கும் தெரிந்தே நடந்தது.

பிள்ளையை ஊழியத்துக்கு நேர்ந்துவிட்டு, வளர்ந்த பிறகு அவனைக் கட்டாயப்படுத்துவதும் உண்டு. "உன் அம்மா உன்னை அன்னாளைப் போலப் பொருத்தனை பண்ணிப் பெற்றாள்" என்ற ஒரே பேச்சில் ஒரு பையனின் படிப்பும் விருப்பமும் அடங்கிப்போகும். மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். தாய் கொடுத்துவிட்டாள் என்பதற்காகத் தேவன் சாமுவேலைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் சொல்லி அழைத்தார். புரியவில்லை என்றபோது மறுபடியும் மறுபடியும் அழைத்தார். "அடியேன் கேட்கிறேன்" என்று அவன் தன் வாயால் சொல்லும்வரை காத்திருந்தார். தேவனே காத்திருந்த இடத்தில் நாம் ஏன் முந்துகிறோம்?

ஏலியின் தவறு நமக்குத் தெரிந்ததுதான்: ஜெபிக்கிற அன்னாளின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, உடனே குடிகாரி என்று முடிவு. இன்று நம் பகுதியில் அது வேறு உருவத்தில் இருக்கிறது. சத்தமாக, அந்நிய பாஷையில் ஜெபித்தால் ஆவிக்குரியவள். ஓரத்தில் வாய்க்குள் முணுமுணுத்து அழுகிறவளுக்கு அபிஷேகம் இல்லை. பழைய சபைகளில் இதுவே திரும்பி, சத்தம் போடுகிறவள்மேல் முகம் சுளிக்கும். இரண்டும் ஏலியின் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுதான். ஏலியிடம் ஒரு நல்லதும் உண்டு. அவள் பதில் சொன்ன உடனே தன் வார்த்தையை மாற்றிக்கொண்டு ஆசீர்வதித்தான். அவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொள்கிற மூப்பர்கள் எத்தனை பேர்?

அப்புறம் பெனின்னாள். அவளை யாரும் தன்னோடு ஒப்பிட மாட்டார்கள், நாம் நல்லவர்கள் என்று நினைப்பு. ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது "விசேஷம் ஒண்ணும் இல்லியா மோளே?" என்று கேட்கிறோமே, அது என்ன? எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கேள்விதான், ஒரே சிரிப்புதான். ஞானஸ்நான ஞாயிறன்று கேட்டால் இன்னும் வலிக்கும். பெனின்னாள் குத்தியதும் வருஷாவருஷம் ஆலயத்துக்குப் போன சமயத்தில்தான் என்று வேதம் குறித்து வைத்திருக்கிறது. எல்க்கானாவின் ஆறுதலும் உதவவில்லை. பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு அதிகம் இல்லையா என்று அன்போடுதான் கேட்டான். அவள் பதில் சொன்னதாக இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

சாமுவேல் பிறந்ததோடு கதையை முடித்துவிடுவது இன்னொரு தவறு. சாட்சி சொல்லியாகிவிட்டது, கைதட்டியாகிவிட்டது, முடிந்தது. அன்னாளின் பக்தி அதற்குப் பிறகுதான் ஆழமாகத் தெரிகிறது. பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் விட்டு வந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை பலி செலுத்தப் போகும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். ஒரு வருஷமாகப் பார்க்காத பிள்ளைக்கு எந்த அளவில் தைப்பது? தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனசுக்குள்ளேயே அளந்துதான் தைத்திருக்க வேண்டும். கேட்டது கிடைத்த பிறகும் வருஷாவருஷம் நடந்த பக்தி இது. பின்னால் அவளுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள் என்று வேதம் ஒரே வரியில் சொல்லிப் போய்விடுகிறது.

பிள்ளையை விட்டுவிட்டு நின்ற இடத்தில் அவள் பாடியதுதான் இரண்டாம் அதிகாரத்தின் முதல் பத்து வசனம். அதில் பிள்ளைப்பேறு பற்றி இருப்பது ஒரு வரிதான், ஐந்தாம் வசனத்தில். சாமுவேலின் பெயர் அதில் இல்லவே இல்லை. மற்றதெல்லாம் பசித்தவர்கள், பராக்கிரமசாலிகளின் முறிந்த வில், புழுதியிலிருந்து எடுக்கப்படும் சிறியவன், குப்பையிலிருந்து உயர்த்தப்படும் எளியவன். பல நூறு வருஷம் கழித்து மரியாள் பாடினபோதும், லூக்கா முதல் அதிகாரத்தில், இதே பேச்சுதான் திரும்ப வருகிறது.

இந்தப் பாட்டை நம் மண்ணில் லேசாகக் கடந்து போக முடியாது. 1822-லிருந்து கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டு மார்பை மறைத்த நாடார் கிறிஸ்தவப் பெண்களை மேல்சாதிக்காரர்கள் அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். தோள்சீலைக் கலகம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1859-ல்தான் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் எல்லா நாடார் பெண்களுக்கும் மேலாடைக்கு அனுமதி கொடுத்தார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள்தான் இன்று நம் பெண்கள் ஐக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "எளியவனைக் குப்பையிலிருந்து உயர்த்துகிறார்" என்ற வசனம் இவர்களுடையது. உபவாச ஜெபத்தில் இனி அன்னாளை எடுக்கும்போது முதல் அதிகாரத்தோடு நிறுத்தாமல் இரண்டாம் அதிகாரத்தின் முதல் பத்து வசனத்தையும் எல்லாரும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிற நேரத்தில் பிள்ளை இல்லாத பெண்ணை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம்.