மலை இறங்கி வரும் செடான் கார்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய கார் தேடுகிறவர்களுக்கு கே.எல். என்ற கேரள எண் பலகையோடு சிட்டி, வெர்னா, சியாஸ் போன்ற செடான்கள் அடிக்கடி காட்டப்படும். பெயிண்டின் பளபளப்பையும் கிலோமீட்டர் எண்ணையும் பார்ப்பதற்கு முன், வண்டி தண்ணீரில் நின்றதா, மலைப்பாதையில் எவ்வளவு உழைத்தது என்ற இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செங்கன்னூர், ஆலுவா வட்டாரங்களில் கார்கள் மூழ்கின. அதற்குப் பிந்தைய மழைக்காலங்களும் எளிதாகக் கழியவில்லை. ஆகவே முன் இருக்கையின் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். விற்பவர் கண்ணில் படும் பகுதியைத்தான் கழுவியிருப்பார். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் மண் நிறக் கோடு அப்படியே இருக்கும். என் மைத்துனருக்காகப் பார்த்த ஒரு வண்டியை, புது சீட் கவரின் மணத்தில் மயங்கி ஏறக்குறைய முடித்துவிட்ட நேரத்தில், அந்தக் கோடுதான் எங்களைத் தடுத்தது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியின் ஓரங்களில் விரலால் தடவுங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துருவும், டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பும் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். மின்கோளாறு ஒரு முறையோடு தீராது.

ஆரியங்காவு, தென்மலை ஏற்றங்களில் ஓடிய வண்டிக்குக் கிளட்ச் சீக்கிரம் தேயும். சமதரையில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டால் இன்ஜின் உடனே அணைய வேண்டும்; அணையாமல் உறுமினால் கிளட்ச் வழுக்குகிறது. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கலாம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடிக்கையில் 'கடகட' என்றால் ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கக்கூடும்.

காலையில் போய், முதல் ஸ்டார்ட்டை நீங்களே செய்யுங்கள். பேனட் முன்பே சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கக்கூடும்.

வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்குக் கேரள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும், இங்கே மறுபடியும் சாலை வரியும் தேவை. அந்த வரியை விலையில் கழித்துப் பேசுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம்.