ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர்: அறிகுறிக் கண்காணிப்பு மென்பொருள் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓபி சீட்டு போடுகிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலை முழுக்க உட்காராமல் அறிகுறிக் கண்காணிப்பு மென்பொருளைத் திறக்காதீர்கள். வடசென்னையில் ஐந்து சின்ன கிளினிக்குகளின் தினசரிக் கணக்கை ஒன்றாகச் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன், புதிதாக வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெங்கு என்றோ காலரா என்றோ உறுதியாகச் சொல்ல பரிசோதனை முடிவு வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்காமல், இன்று காய்ச்சலோடு எத்தனை பேர் வந்தார்கள், பேதியோடு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, வழக்கத்தைவிடக் கூடுகிறதா என்று பார்ப்பதுதான் அறிகுறிக் கண்காணிப்பு. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியாக ஒரு ஒட்டுண்ணி பரவி ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, ஆய்வகம் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே மருந்துக்கடைகளில் பேதி மருந்து தீர்ந்துபோயிருந்தது, அதை யாராவது தினமும் எண்ணிக்கொண்டிருந்தால் சில நாட்கள் மிச்சமாகியிருக்கும். நம் நாட்டில் 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள்: எஸ் படிவம் களப்பணியாளர் எழுதும் அறிகுறிக்கு, பி டாக்டர் பார்த்துச் சந்தேகிக்கும் நோய்க்கு, எல் ஆய்வகம் உறுதிசெய்ததற்கு. சிறிய அளவில் தனியாகக் கற்றுக்கொள்ள விரும்பினால் எபி இன்ஃபோ, டிஹெச்ஐஎஸ்2, ஆர் என்ற கணினி மொழியில் உள்ள சர்வைலன்ஸ் தொகுப்பு எல்லாமே இலவசம். ஆகவே மென்பொருள் கிடைப்பதில் சிக்கலே இல்லை. சிக்கல் எல்லாம் அதற்குள் என்ன போகிறது என்பதில்தான்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கிளினிக்கில் திடீரென்று வயிற்றுவலி ஏறிக்கொண்டே போனது. தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்று பதறி, வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கே போய் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் நிற்கிறது, ஒரே ஒரு சிஸ்டர், சீட்டும் அவரே போட வேண்டும், கணினியிலும் அவரே ஏற்ற வேண்டும். அறிகுறி என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் நகராது, பட்டியலைத் திறந்தால் ஆங்கில அகரவரிசையில் முதலில் நிற்பது 'அப்டாமினல் பெயின்', அதாவது வயிற்றுவலி. கூட்டம் நெருக்கும்போதெல்லாம் அவர் அதையே தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார், அவரிடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அன்றே 'இன்னும் கேட்கவில்லை' என்ற ஒரு தேர்வை முதலில் வைத்தோம், அந்தப் பகுதியில் அதிகம் வருகிற ஆறு அறிகுறிகளை அதற்கடுத்து வைத்தோம், மற்றதெல்லாம் கீழே. வயிற்றுவலி அந்த வாரமே இறங்கிவிட்டது.

அடுத்தது வார்த்தை. நம் ஆட்கள் 'எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு' என்று சொல்வதில்லை. வயித்தால போகுது, பேதி, லூஸ் மோஷன், வயிறு சரியில்ல, இப்படித்தான் வரும். காய்ச்சல் என்பது ஜுரம், பீவர், உடம்பு சுடுது, உடம்பு கணகணன்னு இருக்கு என்று நாலு வேடத்தில் வரும். வெளிநாட்டில் செய்த மென்பொருள்கள் பல, ஆங்கிலக் குறிப்பில் வார்த்தை தேடி வகைபிரிப்பவை, அவற்றை அப்படியே இங்கே ஓட்டினால் பாதிப்பேர் 'மற்றவை' என்ற பெட்டியில் போய் விழுவார்கள், வரைபடமோ ஊரே நலமாக இருப்பதுபோல் காட்டும். உங்கள் பகுதிச் சொற்பட்டியலை நீங்களே தயாரிக்க வேண்டும், வேறு வழியில்லை. பழைய ஓபி நோட்டில் ஒரு மாதத்தைப் புரட்டினாலே முக்கால்வாசி கிடைத்துவிடும். கூடவே வரையறையையும் எழுதி மேசையில் ஒட்டுங்கள்: 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் பேதி, காய்ச்சல் என்றால் ஏழு நாளுக்குள்ளா அதற்கு மேலா என்று தனித்தனி. ஆளுக்கு ஒரு அளவுகோல் இருந்தால் கிளினிக்குகளை ஒப்பிடவே முடியாது.

அறிகுறியை நோயாகப் படிப்பதும் பெரிய தவறு. காய்ச்சல் கூடினால் உடனே டெங்கு என்று சொல்லிவிடுகிறார்கள், மழைக்காலத்தில் அந்த அவசரம் புரிகிறது, ஆனால் மென்பொருள் சொன்னது கூடுதல் என்பதை மட்டும்தான், ஏன் என்று அது சொல்லவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறலும் கண் எரிச்சலுமாக இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இப்படி ஒரு நிகழ்வை உங்கள் அமைப்பு எப்படிப் பதிவு செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மூச்சுத்திணறல் என்றாலே சுவாசத் தொற்று என்று வகைபிரித்து வைத்திருந்தால் அது சளி இருமலோடு கலந்துவிடும், தேதி மட்டும் இருந்து நேரம் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்த ஐம்பது பேரும் ஒரு நாள் முழுக்கப் பரவி வந்த ஐம்பது பேரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவில் மக்கள் வாழ்கிற ஊர் இது, இங்கே வந்த நேரமும், தொந்தரவு தொடங்கிய நேரமும் கட்டாயம் வேண்டும்.

சரி, எண்ணிக்கை ஒழுங்காக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் எல்லோரும் தவறவிடுகிற இடம் வருகிறது. பல மென்பொருள்களில் இயல்பாகவே இருக்கும் எச்சரிக்கை முறைகளில் ஒன்று சி2. இன்றைக்கு முந்தைய இரண்டு நாளை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஏழு நாளின் சராசரியை எடுத்து, அதோடு திட்டவிலக்கத்தைப் போல (எண்ணிக்கை சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) மூன்று மடங்கைக் கூட்டினால் வருவது எல்லைக்கோடு, இன்றைய எண்ணிக்கை அதைத் தாண்டினால் மணி அடிக்கும். உதாரணத்துக்கு ஒரு கிளினிக்கில் காய்ச்சல் கணக்கு திங்கள் முதல் சனி வரை 41, 33, 30, 29, 31, 24, ஞாயிறு அரைநாளுக்கும் குறைவாகவே திறந்திருக்கும் என்பதால் 3. அடுத்த வாரம் புதன்கிழமை 55 பேர் வருகிறார்கள். போன புதன் 30, இந்தப் புதன் 55, பார்த்தாலே தெரிகிறது. ஆனால் மென்பொருள் பேசாமல் இருக்கும். அந்த ஒற்றை ஞாயிற்றுக்கிழமை 3 உள்ளே இருப்பதால் திட்டவிலக்கம் ஏறக்குறைய 12 ஆகி, எல்லைக்கோடு 63-க்குப் போய்விடுகிறது. ஞாயிறை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், எல்லைக்கோடு 48-க்கு இறங்கும், 55 உடனே மாட்டும். வாரநாளையும் விடுமுறையையும் தனித்தனியாகக் கணக்கிடும் டபிள்யூ2 என்ற திருத்தம் இதற்காகவே இருக்கிறது. பொங்கல், தீபாவளி வாரங்களுக்கு நீங்களே கையால் குறித்து வைக்க வேண்டும், அமெரிக்க விடுமுறைப் பட்டியலோடு வரும் மென்பொருளுக்குக் காணும் பொங்கல் தெரியாது.

வெற்றுக்கட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொள்வது இதற்கு உடன்பிறந்த தவறு. இன்று பேதி யாருக்கும் இல்லை என்பது ஒரு செய்தி, இன்று யாரும் கணக்கு அனுப்பவில்லை என்பது வேறு செய்தி. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் தண்ணீர் தேங்கிய தெருக்களில் கிளினிக் திறக்கவும் முடியாது, நோயாளி வரவும் முடியாது, மின்சாரமும் இல்லை. அந்த மாதிரி நாட்களில் காய்ச்சல் கோடு தரையைத் தொடும், அதை நிம்மதி என்று படித்துவிட்டால் நோய் கிளம்புகிற சமயத்தில் நாம் தூங்கிக்கொண்டிருப்போம். யாரும் வராவிட்டாலும் '0' என்று அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாத கிளினிக்கை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டுங்கள், அந்த நிறம் கூடினால் அதுவே ஒரு எச்சரிக்கை. 2020, 2021 கோவிட் ஆண்டுகளை வழக்கமான ஆண்டு என்று அடிப்படைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முகவரி விஷயத்தில் ஒரு வார்த்தை. ஸ்டான்லி மாதிரி பெரிய மருத்துவமனைக்குத் திருவள்ளூர் பக்கமிருந்தும் வருவார்கள், ஆந்திராவிலிருந்தும் வருவார்கள், ஆக மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் எல்லா நோயும் ராயபுரம் பக்கமே குவிந்து நிற்கும். வீடு இருக்கும் இடம் வேண்டும். அதிலும் காமராஜர் நகர், இந்திரா நகர் என்று ஒரே பெயரில் ஊரெல்லாம் இடங்கள் இருப்பதால் தெருப்பெயர் போதாது, வார்டு எண்ணைக் கேளுங்கள், அது தெரியாவிட்டால் பக்கத்தில் எந்தக் கோயில், எந்த ரேஷன் கடை என்று கேளுங்கள். ஆனால் பெயரும் போன் நம்பரும் உங்கள் அட்டவணைக்குள் வரவே கூடாது. ஒரு சந்தில் மஞ்சள்காமாலை இரண்டு பேருக்கு என்று வாட்ஸ்அப்பில் போனால் அந்த இரண்டு வீடு எது என்று மொத்தச் சந்துக்கும் தெரிந்துவிடும், அப்புறம் மூன்றாவது ஆள் கிளினிக் பக்கமே வரமாட்டார்.

கடைசியாக மணி. ஐந்து கிளினிக், எட்டு அறிகுறி என்றால் தினமும் 40 சோதனை. நூற்றுக்கு ஒன்று சும்மா அடித்தாலே மாதத்துக்குப் பன்னிரண்டு பொய் எச்சரிக்கை, இரண்டாவது மாதம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தொடக்கத்தில் காய்ச்சல், பேதி, மூச்சுத்திணறல் மூன்று போதும். மணி அடித்தால் யார் முதலில் சீட்டுகளைச் சரிபார்ப்பது, மறுவருகைக்கு ஊசி போட வந்தவர்களை இரண்டாம் முறை எண்ணியிருக்கிறோமா என்று பார்ப்பது யார், அந்த வார்டு சுகாதார ஆய்வாளரை எத்தனை மணிக்குள் கூப்பிடுவது, இதெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் இருக்க வேண்டும். பேதி என்றால் அன்றே அந்தத் தெருக்குழாயில் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும், இல்லையென்றால் மெட்ரோ வாட்டருக்குப் போன் போக வேண்டும். புதிய கிளினிக் சேரும்போது அந்தப் போன் நம்பர்களை முதலில் வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் நாங்கள் மடிக்கணினியைத் திறக்கிறோம்.