பழைய கேமிங் கணினிக்குப் புதிய பிராசஸர் தேவையா? அளந்து பார்த்து முடிவெடுக்கும் முறை

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினியில் புதிய கேம் ஒன்று திணறத் தொடங்கியதும், பழி பெரும்பாலும் பிராசஸர் மீதுதான் விழுகிறது. அதன் வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிராபிக்ஸ் கார்டு வேலை இல்லாமல் பிராசஸருக்காகக் காத்து நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2017இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 1600 பிராசஸரும் பி350 மதர்போர்டும் கொண்ட கணினியில், பிற்பாடு ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு பொருத்தப்பட்டிருப்பதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் படி: அளவிடுதல்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளையும் அதனுடன் வரும் ரிவாட்யூனரையும் நிறுவி, கார்டின் பயன்பாடு, பிராசஸரின் ஒவ்வொரு திரெட்டின் (பிராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைச் சரடு) பயன்பாடு, ஒரு நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கை, வெப்பநிலை ஆகியவை திரையின் ஓரத்தில் தெரியுமாறு அமையுங்கள். கேமில் விசிங்க்கையும் (ஃப்ரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வசதி) ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரம்பே கார்டைக் கட்டிப்போட்டு உங்களைக் குழப்பும். பிறகு, மக்கள் நெருக்கமுள்ள நகரம் போன்ற கனமான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே பாதையில் சில நிமிடங்கள் நடந்து, கிடைத்த எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் சோதித்தால் பிராசஸரின் பலவீனம் வெளியே தெரியாது.

கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் தடை கார்டில்தான் இருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த பிராசஸரை வாங்கினாலும் பெரிய மாற்றம் இராது. பயன்பாடு 60, 70 என்று இறங்கி, ஃப்ரேம் எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் கார்டு காத்திருக்கிறது என்று பொருள்.

இங்கே புதியவர்கள் பலரும் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். பிராசஸரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து, அது ஓய்வாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரைசன் 5 1600இல் 6 கோர்களும் (தனித்தனிக் கணக்கீட்டுப் பகுதிகள்) 12 திரெட்களும் உள்ளதால், ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக உழைத்தாலும் மொத்தக் கணக்கில் அது ஏறத்தாழ 8 சதவீதமாகத்தான் தெரியும். பல கேம்களிலோ முக்கிய வேலை ஓரிரு திரெட்களின் தலையில்தான் சுமத்தப்படுகிறது. எனவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, திரெட் வாரியான எண்களைப் பாருங்கள்.

இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்குக் குறைத்து, அதே பாதையில் மீண்டும் நடங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைகின்றன. ஆனால் பாத்திரங்களை நகர்த்துவது, கார்டுக்குக் கட்டளை அனுப்புவது போன்ற பிராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே ஃப்ரேம் எண்ணிக்கை அசையாவிட்டால் தடை பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. நன்றாக உயர்ந்தால் கார்டில் இருக்கிறது.

இரண்டாம் படி: செலவில்லாத திருத்தங்கள்

ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தாலோ, இரண்டு குச்சிகளும் தவறான ஸ்லாட்டில் இருந்தாலோ டூயல் சேனல் (இரண்டு குச்சிகளையும் ஒருசேரப் பயன்படுத்தும் முறை) இயங்காது. பெரும்பாலான நான்கு ஸ்லாட் மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணும்போது 2ஆம், 4ஆம் ஸ்லாட்கள்தான் சரியானவை. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் இயக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்திருந்தால் 3200 வேக ரேம்கூட 2133இல் ஊர்ந்துகொண்டிருக்கும். ரைசனின் உள் இணைப்பு ரேமின் வேகத்தைச் சார்ந்திருப்பதால் இழப்பு இன்னும் கூடும். நானே ஒருமுறை புதிய பிராசஸருக்கு விலை பேசி முடிக்கும் தறுவாயில்தான், குச்சி இடம் மாறி இருப்பதைக் கண்டுபிடித்தேன். கூலரில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்து, வெப்பம் 95 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாம் படி: மதர்போர்டு எதை ஏற்கும்?

சிபியு-இசட் மென்பொருளில் மதர்போர்டின் மாடலையும் பயாஸ் பதிப்பையும் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள ஆதரவுப் பட்டியலுடன் ஒப்பிடுங்கள். பி350 போர்டுகளில் உள்ள ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் பொருந்தும் இடம்) இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது: பல பி350 போர்டுகள் பயாஸ் புதுப்பிப்புக்குப் பின், 2022இல் வந்த ரைசன் 5 5600, ரைசன் 7 5800எக்ஸ்3டி ஆகியவற்றை ஏற்கின்றன. பின்னதில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருப்பதால் கேம்களில் அது தனித்து நிற்கும். ஆனால் கூலர் உடன் வராது. ஆர்டிஎக்ஸ் 3060க்கு 5600 போதும் என்பதே என் கருத்து.

இன்டெல் 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினிகளில் பாதை ஐ7-7700கே உடன் முடிந்துவிடுகிறது. 8ஆம் தலைமுறைப் பிராசஸர்களின் சாக்கெட் பெயரும் 1151தான் என்றாலும் அவை பழைய போர்டில் இயங்கா. அப்போது மதர்போர்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குப் போனால் டிடிஆர்5 ரேமும் வாங்க வேண்டும். அது பாதிக் கணினியை வாங்குவதற்குச் சமமான முடிவு.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை, 5600 உண்டு. ஊசலாடுபவர்களுக்கு இது ஒரு கூடுதல் காரணம்.

நான்காம் படி: மாற்றுதல்

பழைய பிராசஸர் பொருத்தப்பட்டிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டே செயலிழக்கக்கூடும் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். விண்டோஸில் வட்டைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே வேறிடத்தில் எழுதிவையுங்கள்.

கழற்றுவதற்கு முன் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை நேராக இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்4இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருப்பதால், இழுத்தால் அது கூலரோடு பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடலாம். முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்து, நெம்புகோலைத் தாழ்த்துங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

பயாஸ் புதுப்பிப்பு பழைய அமைப்புகளை அழித்திருக்கும் என்பதால் எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்குங்கள். அதன்பின் அதே கேமில், அதே பாதையில் நடந்து, முதல் நாள் தாளில் குறித்த எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதுங்கள்.