விரல்கள் வாசிக்கும் வாழ்த்து அட்டை

பார்வையற்ற ஒருவருக்கு வாழ்த்து அட்டை செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஒரு படத்தை எடுத்து, அதன் கோடுகளை நூலாலோ பசையாலோ மேடாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்த அட்டையைக் கண்களை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மேடுகளைத் தவிர வேறெதுவும் புலப்படாது. கண் முழுப் படத்தையும் ஒரே நொடியில் கண்டுகொள்கிறது; விரலோ சிறுசிறு பகுதியாகத் தொட்டு, தொட்டவற்றை நினைவில் அடுக்கித்தான் உருவத்தை அறிகிறது.

ஆகவே அட்டைக்கு ஒரே ஒரு பொருள் போதும். அதுவும் கை ஏற்கெனவே அறிந்த பொருளாக, இயன்றவரை அதன் உண்மையான அளவிலேயே இருக்கட்டும். தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பது கண்ணின் வழக்கம். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு மலைகளுக்கு நடுவே எழும் சூரியனை மேடாக்கிக் கொடுப்பதைவிட ஓர் இலையைக் கொடுப்பது மேல்.

இலையையே எடுத்துக்கொள்வோம். அடிப்பரப்பு வழவழப்பான கெட்டி அட்டையாக இருந்தால்தான் மேலே ஒட்டுவது தனித்துத் தெரியும். வெல்வெட் துணியை இலை வடிவில் வெட்டி ஒட்டுங்கள். நடு நரம்புக்கு மெல்லிய சணல் கயிறு, கிளை நரம்புகளுக்குத் தையல் நூல் என்று தடிமனை மாற்றுங்கள்; இரு நரம்புகளுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் விரலுக்கு அவை ஒன்றாகிவிடும். ஓரத்தில் ஒரு சொட்டுப் பசையை உருண்டையாக விட்டு ஓர் இரவு முழுக்க அசையாமல் காயவைத்தால், வெல்வெட்டின் மென்மைக்கு நடுவே வழுவழுவென்று ஒரு பனித்துளி கிடைக்கும். அட்டை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்; விரல் அங்கே வந்ததும் தானாக நின்றுவிடும். உப்புத்தாளைப் பயன்படுத்த நினைத்தால் நைஸ் ரகத்தை மட்டும், அதையும் சிறு துண்டாக மட்டும் ஒட்டுங்கள். உதிரும் மினுமினுப்புத் தூள், ஸ்டேப்ளர் பின், கூரான கம்பி ஆகியவை வேண்டாம்.

வாசகத்தைப் பொறுத்தவரை, பெறுபவருக்குப் பிரெயில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து, தெரியுமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவர் எல்லோரும் பிரெயில் படிப்பதில்லை. தெரியுமென்றால், பிரெயில் எழுதுவதற்கான கட்டங்கள் கொண்ட சட்டத்தில் தாளைப் பொருத்தி எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பும்போது புள்ளிகள் மேலெழுந்து, இடமிருந்து வலமாகப் படிக்க வரும். ஒரு கட்டத்துக்கு 6 புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 2.5 மி.மீ. என்பது விரல்நுனிக்குப் பொருந்திய அளவு. பெரிதாக்கினால் எளிதாக இருக்கும் என்றெண்ணி மணிகளை அகல அகலமாக ஒட்டினால், பழகிய விரலும் தடுமாறும். மிகக் கெட்டியான அட்டையில் புள்ளி சரியாக எழாது என்பதால், சதுர மீட்டருக்கு 120 முதல் 160 கிராம் எடையுள்ள தாளில் தனியே குத்தி, அதன் ஓரங்களில் மட்டும் பசை தடவி உள்பக்கத்தில் ஒட்டுங்கள். புள்ளிகளுக்குப் பின்னால் பசையின் ஈரம் பட்டால் தாள் ஊறி அவை அமுங்கிவிடும். ஒட்டியபின் மேலே புத்தகத்தை வைத்து அழுத்தவும் கூடாது.

பிரெயில் தெரியாதவருக்கு வாழ்த்தை உங்கள் குரலிலேயே பதிவுசெய்து அனுப்பலாம். ஓரளவு பார்வை உள்ளவராயின் அடர்நிற அட்டையில் வெளிர்நிற இலை என்று நிறங்களை எதிரெதிராக அமைப்பது உதவும்.

அட்டையின் மேல் வலது மூலையைச் சிறிது சாய்வாக வெட்டிவிட்டால், எது மேல்பக்கம் என்பது கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும். அனுப்புமுன் பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் எதையும் சொல்லாமல் கொடுத்து, என்னவென்று கேளுங்கள்; அவர் விரல் தயங்கும் இடத்தில் ஒரு நூலையாவது எடுத்துவிடுங்கள். பிறகு இருபுறமும் கெட்டி அட்டை வைத்து, இலையும் புள்ளிகளும் நசுங்காதபடி சற்றுப் பெரிய உறையில் இடுங்கள்.