ஸ்வாப் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள், ஓடுகிறதா என்று பாருங்கள்

ஸ்வாப் என்பது ரேமில் இருப்பதைத் தள்ளிவைக்க, பொதுவாக டிஸ்கில் ஒதுக்கிய இடம். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் திணறும்போதே டெர்மினலில் விஎம்ஸ்டாட் 1 (vmstat 1) என்று கொடுத்து, எஸ்ஐ (si, ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), எஸ்ஓ (so, ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) என்ற தலைப்புகளின் கீழ் வரும் எண்களைப் பாருங்கள் (முதல் வரியை விட்டுவிடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து கணக்கிட்ட சராசரி). வெகுநேரம் தொடாத மெமரிப் பக்கங்களை (ரேமின் சிறு துண்டுகளை) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஸ்வாப்புக்குத் தள்ளிவிட்டு அந்த ரேமை ஃபைல் கேஷுக்கு (படித்த ஃபைல்களை ரேமில் வைத்திருக்கும் இடத்துக்கு) எடுத்துக்கொள்ளும், அதனால் ஸ்வாப்பில் 1 ஜிபி கிடந்தாலும் இரண்டும் 0 என்றே நின்றால் திணறலுக்குக் காரணம் வேறு. புது ரேம் வாங்க அவசரப்படாதீர்கள். இரண்டும் விடாமல் ஓடினால்தான் உண்மையான தட்டுப்பாடு. அப்போது முதலில் பிரவுசர் டேப்களை மூடிப் பாருங்கள், அப்புறம் ரேம். ஸ்வாப்பே இல்லாத மெஷினில் இது உதவாது, எப்போதும் 0தான் காட்டும். அங்கே ஃப்ரீ (free) கட்டளை காட்டும் அவைலபிள் (available) அளவைப் பாருங்கள். ஜிராம் (zram) என்ற வசதி இருந்தால் ஸ்வாப் ரேமுக்குள்ளேயே சுருங்கி உட்காரும், கொஞ்சம் எண்கள் ஓடினாலும் பரவாயில்லை.