விண்டோஸ் 11 ரீகால்: நிறுத்துவது, அழிப்பது, அடியோடு நீக்குவது எப்படி?

கோபைலட் பிளஸ் லேப்டாப் (ஏஐ வேலைகளுக்கான தனிச் சிப் உள்ள விண்டோஸ் 11 லேப்டாப்) வாங்கியவர்கள் முதல் நாளே பார்த்துவிட வேண்டியது ரீகால். இது ஆனில் இருந்தால், திரை மாறும்போதெல்லாம் சில விநாடிகளுக்கு ஒருமுறை விண்டோஸ் அதைப் படம்பிடித்துச் சேமிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக்கூடப் பிறகு தேடி எடுக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் இதை 2024 மே மாதம் அறிவித்தபோது, படங்களிலிருந்து எடுத்த எழுத்தெல்லாம் பூட்டில்லாத டேட்டாபேஸில் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியீடு தள்ளிப்போய், 2025 ஏப்ரலில் மாற்றங்களோடு வந்தது. இப்போது நீங்கள் சம்மதித்தால்தான் ஆன் ஆகும். படங்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டு உங்கள் கணினியிலேயே இருக்கும். திறக்க விண்டோஸ் ஹலோ (முகம், கைரேகை அல்லது பின் நம்பர் மூலம் உங்களை அடையாளம் காணும் வசதி) வேண்டும்.

அப்படியும் இரண்டு கவலைகள் தீரவில்லை. முகமும் கைரேகையும் பதிந்திருந்தாலும், மாற்று வழியாக பின் நம்பரையும் ரீகால் ஏற்கும். உங்கள் பின் தெரிந்தவர் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால், பல மாதத் திரைகளை அவர் புரட்டிப் பார்க்க முடியும். இன்னொன்று அடுத்தவர் பற்றியது. நண்பர் அனுப்பிவிட்டு அழித்த வாட்ஸ்அப் செய்தி உங்கள் ரீகாலில் தங்கிவிடலாம். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

1. இருக்கிறதா என்று பாருங்கள்

விண்டோஸ் பட்டனோடு ஐ எழுத்தை அழுத்தி செட்டிங்ஸ் திறந்து, 'பிரைவசி & செக்யூரிட்டி' போங்கள். 'ரீகால் & ஸ்னாப்ஷாட்ஸ்' என்ற வரி இல்லையென்றால் உங்கள் கணினியில் ரீகால் இல்லை. டாஸ்க் மேனேஜரில் என்பியு (ஏஐ வேலைகளுக்கான அந்தத் தனிச் சிப்) தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். ரீகாலுக்கு 40 டாப்ஸ் (விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடு) திறனுள்ள என்பியு, 16 ஜிபி ரேம் எல்லாம் தேவை. இன்டெலின் முதல் தலைமுறை கோர் அல்ட்ரா பிராசஸரில் உள்ள என்பியு அந்த அளவை எட்டாது.

2. நிறுத்துங்கள்

அதே பக்கத்தில் 'சேவ் ஸ்னாப்ஷாட்ஸ்' பட்டனை ஆஃப் செய்யுங்கள்.

3. பழைய படங்களை அழியுங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆஃப் செய்தால் புதுப் படம் எடுப்பது மட்டுமே நிற்கும், ஏற்கெனவே எடுத்தவை அப்படியே இருக்கும். 'டெலீட் ஸ்னாப்ஷாட்ஸ்' விரித்து 'டெலீட் ஆல்' கொடுங்கள். டிஸ்க்கில் காலியிடம் 25 ஜிபிக்குக் கீழே போனால் ரீகால் தானாக நிற்கும். அதுவும் இடைநிறுத்தம்தான், அப்போதும் பழைய படங்கள் அழியாது.

4. அடியோடு நீக்குங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று தேடித் திறந்து, பட்டியலில் ரீகாலுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். அட்மின் கணக்கு தேவை. ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை முடியும். ரீகால் பயன்படுத்தும் எண்ணமே இல்லாதவர்கள் இந்தப் படிவரை வந்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

வைத்துக்கொள்வதானால்

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை 30 நாளாகக் குறையுங்கள். 512 ஜிபி டிஸ்க்கில் 75 ஜிபி வரை ரீகால் எடுத்துக்கொள்ளும், அதை 25 ஆக மாற்றலாம். பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள்.

வங்கித் தளம், மருத்துவமனைத் தளம் ஆகியவற்றை ரீகால் பதிவு செய்யக் கூடாதவற்றுக்கான ஃபில்டர் பட்டியலில் சேருங்கள். எட்ஜ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஓபராவில் இது வேலை செய்யும், அவற்றின் பிரைவேட் விண்டோவும் பதிவாகாது. ஆதரவில்லாத பிரவுசர் என்றால் அந்த ஆப்பையே முழுதாக ஃபில்டர் செய்ய வேண்டும். கார்டு எண், பாஸ்வேர்டைத் தானாகத் தவிர்க்கும் ஃபில்டரை மட்டும் நம்பாதீர்கள். 2024 டிசம்பரில் ஒரு தொழில்நுட்பத் தளம் சோதித்தபோது, நோட்பேடில் தட்டிய கார்டு எண் அப்படியே படத்தில் பதிவானது. எண்ணைச் சுற்றி அது கார்டு விவரம் என்று காட்டும் படிவம் இல்லையென்றால் இப்படித் தப்பிவிடலாம்.

சிக்னல் என்ற மெசேஜிங் ஆப் 2025 மே மாதம் முதல் விண்டோஸ் 11இல் தன் திரையைப் படம்பிடிக்க முடியாதபடி தானே தடுக்கிறது. மிக அந்தரங்கமான உரையாடலுக்கு அதைப் பயன்படுத்தலாம். எதிர்முனையில் இருப்பவரும் அந்தத் தடுப்பு செட்டிங்கை ஆஃப் செய்யாமல் இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் ஏஐ உரையாடல் ஆப்பான கோபைலட் ரீகாலிலிருந்து வேறு. அதில் தட்டுவது மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போகும், ரீகாலை நீக்கினாலும் அது நிற்காது. வேண்டாமென்றால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போய், கோபைலட்டுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.